காரில் சின்னக் கீறலும் கல்லடிப் பொட்டும்: வீட்டிலேயே சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் நிறுத்தினால் பைக்கின் ஹேண்டில்பார் உரசுகிறது. நெடுஞ்சாலையில் போனால் முன்னால் போகும் டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி தெறிக்கிறது. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியை நுழைத்தால் கதவோரம் தேய்கிறது. இத்தகைய சின்னச் சேதம் ஒவ்வொன்றுக்கும் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. போனால் கடுகளவுப் பொட்டுக்காக பானெட் முழுவதையும் தேய்த்து மறுபடி அடிப்பார்கள். கம்பெனி பெயிண்ட் அத்தோடு போய்விடும். கார் வைத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: வீட்டில் செய்யும் டச்-அப்பின், அதாவது சேதமான இடத்தில் மட்டும் பெயிண்ட் வைத்துச் சரிசெய்வதன், முதல் வேலை இரும்புத் தகட்டை மூடுவது; அடையாளம் தெரியாமல் மறைப்பது அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மாற்றிக்கொள்ளும்போதுதான் வண்டி கெடுகிறது.

எந்தச் சேதத்தை வீட்டில் சரிசெய்யலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும்?

சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாகப் பெயர்ந்த பொட்டு, மெல்லிய கோடாக விழுந்த கீறல், சுவரிலோ வேறு வண்டியிலோ உரசி ஒட்டிக்கொண்ட வேற்று நிறம், இவை மூன்றும் வீட்டு வேலை. தகடு ஒடுங்கியிருந்தாலும், பெயிண்ட் விளிம்பிலிருந்து உரிந்துகொண்டே வந்தாலும், உள்ளே துரு கொப்புளமாக எழும்பியிருந்தாலும் டிங்கரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். உள்ளங்கை அகலத்துக்குமேல் பெயிண்ட் போயிருந்தால் தூரிகையால் பூசுவது வீண் முயற்சி. அதை ஸ்ப்ரே கன் கொண்டுதான் அடிக்க முடியும்.

கீறல் எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் காரின் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்க மின்முறையில் படியவைத்த ஓர் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம் நன்றாகப் பிடிக்க உதவும் பிரைமர், அதன்மேல் நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் பூச்சு. இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட வராது. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் கிளியர். அதன் தடிமன் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தேய்த்துத் தேய்த்து நாம் செலவழிப்பது இந்தச் சேமிப்பைத்தான். ஒருமுறை போனால் திரும்ப வராது.

இனி சோதனை. இடத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் கிளியரோடு நின்றிருக்கிறது. தட்டினால் ஆழம் போயிருக்கிறது. இரண்டாவது சோதனை தண்ணீர்: கீறலின்மேல் சில சொட்டு விடுங்கள். தண்ணீர் இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அதுவும் மேலோட்டமானதே. பாலிஷ் செய்தால் போய்விடும்.

மூன்றாவதாக நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரியும் கோடு பெரும்பாலும் கிளியரில் விழுந்தது. சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. பளபளக்கும் உலோகமோ, பழுப்பு நிறமோ தெரிந்தால் தகடு வெளியே வந்துவிட்டது. அந்தப் பொட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

சுவரில் உரசியதில் வேறு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயிண்ட் போய்விட்டதா?

பல சமயம் போயிருக்காது. பார்க்க மிகப் பயங்கரமாக இருக்கும், ஆனால் சரிசெய்ய மிக எளிதானது இந்த வகை. சுண்ணாம்பும் மஞ்சள் கம்பத்தின் பெயிண்ட்டும் நம் கிளியரின்மேல் படிந்திருக்கும், அவ்வளவுதான். ஷாம்பு நீரில் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். மிச்சமிருப்பதை ரப்பிங் காம்பவுண்ட் (நுண்துகள் கலந்த தேய்ப்புப் பசை) எடுத்துவிடும். எல்லாம் போன பிறகுதான் உண்மையான சேதம் எவ்வளவு என்று தெரியும். வேற்று நிறத்தைப் பார்த்த அதிர்ச்சியில் நேராகப் பட்டறைக்குப் போய் முழுக் கதவையும் அடித்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பெட்ரோல் ஊற்றித் துடைப்பது வேண்டாம். தீ அபாயம் ஒருபுறம், ஏற்கெனவே பட்டறையில் அடித்த பெயிண்ட்டாக இருந்தால் அது இளகவும் கூடும்.

மேலோட்டமான கீறலைக் கையால் பாலிஷ் செய்வது எப்படி?

வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு கையில் சுடாத நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். கழுவுவது சம்பிரதாயம் அல்ல: ஒரு மணல் துகள் மிஞ்சினாலும் நீங்கள் தேய்ப்பது அந்த மணலையும் சேர்த்துத்தான். கீறலுக்குப் பக்கத்தில் கதவின் விளிம்போ, தகட்டில் மடிப்பாக ஓடும் கோடோ இருந்தால் அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். விளிம்புகளில் கிளியர் மெல்லியதாக இருக்கும். சமதளத்தில் எதுவும் ஆகாத தேய்ப்பு விளிம்பில் நிறத்தைக் காட்டிவிடும்.

பஞ்சுப் பட்டையில் பட்டாணி அளவு காம்பவுண்ட் எடுத்து, இரண்டு உள்ளங்கை அகலத்துக்குள் மட்டும், நடுத்தர அழுத்தத்தில் முன்னும் பின்னுமாகவும் பிறகு குறுக்காகவும் தேயுங்கள். துடைத்துப் பாருங்கள். மூன்று நான்கு சுற்றில் பெரும்பாலானவை மங்கிவிடும். பிறகு மெல்லிய பாலிஷ், அதன்மேல் வேக்ஸ்.

இங்கேதான் நிறுத்தத் தெரிய வேண்டும். நகம் தட்டும் கீறலைக் காம்பவுண்டால் ஒழிக்க நினைத்தால், கீறலின் அடிவரை சுற்றியுள்ள கிளியர் முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டியிருக்கும். பாதி ஆழத்தில் நின்றுவிடுங்கள். கீறலின் கூரான ஓரங்கள் மழுங்கினாலே அதில் வெளிச்சம் பட்டு மின்னுவது குறைந்து, கண்ணில் படாமல் போய்விடும். 2000 எண் வாட்டர் பேப்பரில் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட மென்மை) தொடங்குங்கள் என்று காணொளிகளில் சொல்வதைப் பழக்கமில்லாதவர்கள் கிளியரில் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவி இல்லாமல் அது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை.

தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒன்று, கிளியர் தீர்ந்துவிட்டது. அல்லது அந்த வண்டியில் கிளியரே இல்லாத ஒற்றைப் பூச்சு. பழைய வெள்ளை, சிவப்பு வண்டிகள் சிலவற்றில் இப்படி இருக்கும். கண்ணில் படாத ஒரு மூலையில் முதலிலேயே தேய்த்துப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. மேட் எனப்படும் பளபளப்பில்லாத பெயிண்ட் அடித்த வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் பாலிஷ் செய்யக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும், அதைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை.

டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் இவற்றால் கீறல் போகுமா?

டூத்பேஸ்டில் தேய்க்கும் துகள் இருப்பது உண்மைதான். மிக மெல்லிய கீறலை ஓரளவு மங்கச் செய்யும். ஆனால் எந்தப் பேஸ்டில் என்ன துகள், எவ்வளவு கரடு என்பது நமக்குத் தெரியாது. காம்பவுண்ட் சின்ன டப்பாவிலேயே கிடைக்கும்போது இந்தச் சூதாட்டம் எதற்கு? தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கீறலை நிரப்பி, நனைந்த தோற்றத்தைத் தருகின்றன. அடுத்த கழுவலில் கீறல் அப்படியே நிற்கும். அதற்குள் அந்தப் பிசுக்கில் தெருப் புழுதி ஒட்டியிருக்கும். டச்-அப் செய்ய நினைக்கும் இடத்தில் எண்ணெய் தடவுவது இன்னும் மோசம், பெயிண்ட் பிடிக்காது.

நெயில் பாலிஷ் பற்றியும் கேட்கிறார்கள். அவசரத்துக்கு, மழைக்கு முன்னால் வெளியே தெரியும் தகட்டை மூட, நிறமற்ற நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைப்பதில் தவறில்லை. பிறகு அதை எடுத்துவிட்டு முறையாகச் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வாக அது வெயிலைத் தாங்காது.

கடுகளவுதானே பெயர்ந்திருக்கிறது, அப்படியே விட்டால் என்ன?

லென்ஸ் வைத்து அந்தப் பொட்டைப் பாருங்கள். வெளியே வெளுத்த ஒரு வளையம். கல் பட்ட அதிர்ச்சியில் கிளியர் அடியிலிருந்து விலகிய இடம் அது. அதற்குள் சாம்பல் வளையம், பிரைமர். நடுவில் ஊசிமுனை அளவு உலோகம். தண்ணீர் அந்த நடுப்புள்ளியில் இறங்கி, பெயிண்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பெயிண்ட்டை மேலே தள்ளுகிறது. தள்ளியதால் இன்னும் தண்ணீர் இறங்குகிறது. வெளியே கடுகளவு தெரியும்போது உள்ளே காசளவு பரவியிருக்கலாம்.

கடற்கரை ஊர்களில் இது இன்னும் வேகம். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற இடங்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடிப்பதை முடுக்கிவிடும். துத்தநாகப் பூச்சுள்ள தகடு பயன்படுத்திய கார்களில் துரு தாமதப்படும், ஆனால் நிரந்தரப் பாதுகாப்பு என்று நம்பி இருந்துவிட முடியாது. எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்றால்: பானெட்டின் முன்விளிம்பு, கண்ணாடியின் இருபுறத் தூண்கள், கூரையின் முன்னோரம், சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி, கதவுகளின் விளிம்பு. நீண்ட பயணம் முடிந்து கழுவும்போது இந்த ஐந்தையும் விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

என் வண்டியின் சரியான நிறத்தை எப்படி வாங்குவது?

"வெள்ளை" என்று கேட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பல வெள்ளைகள் இருக்கின்றன. நிறக் குறியீட்டைக் கேளுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, எஞ்சின் அறையிலோ, சில வண்டிகளில் டிக்கிக்குள்ளோ உள்ள பட்டையில் அது அச்சாகியிருக்கும். சுசுகியின் சுப்பீரியர் ஒயிட் 26யு. டொயோட்டாவின் சூப்பர் ஒயிட் 040. ஹோண்டாவின் டஃபெட்டா ஒயிட் என்எச்-578. குறியீடு கிடைக்கவில்லை என்றால் சேசிஸ் எண்ணைக் கொண்டு சர்வீஸ் சென்டரின் உதிரிபாகப் பிரிவில் கேட்கலாம். டச்-அப் பேனாவோ குப்பியோ அங்கேயோ, உதிரிபாகக் கடைகளிலோ கிடைக்கும். கிடைக்காத நிறங்களுக்கு, கார் பெயிண்ட் கலக்கும் கடைகளில் குறியீட்டைக் கொடுத்துச் சின்ன அளவில் கலந்து வாங்கலாம். பெரிய ஊர்கள் எல்லாவற்றிலும் அத்தகைய கடைகள் இருக்கின்றன.

மெட்டாலிக்கா, பேர்லா, சாதாரண நிறமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சில பேர்ல் வெள்ளைகளில் அடிநிறம் வேறு, அதன்மேல் முத்துப் பூச்சு வேறு. அவற்றுக்கு இரண்டு குப்பிகள் தேவைப்படும்.

வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

ஐசோபுரொபைல் ஆல்கஹால், டச்-அப் பிரைமர், நிறம், கிளியர், மாஸ்கிங் டேப், பல்குத்தும் குச்சிகள், ஓவியக்காரர்கள் பயன்படுத்தும் மிக மெல்லிய தூரிகை, 2000, 3000 எண் வாட்டர் பேப்பர், காம்பவுண்ட், இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணிகள். குப்பியின் மூடியோடு வரும் தூரிகை இந்த வேலைக்குத் தடிமன். கடுகளவுப் பள்ளத்தில் அதை வைத்தால் சுற்றிலும் வழிந்து, பொட்டு மிளகளவாகிவிடும்.

சரி, கல்லடிப் பொட்டை நிரப்பும் முறை என்ன?

கழுவிக் காயவிட்ட பிறகு, பள்ளத்தின் ஓரத்தில் தளர்ந்து நிற்கும் பெயிண்ட்டைக் குச்சியின் கூர்முனையால் மெல்ல நெம்பி எடுத்துவிடுங்கள். தளர்ந்ததன்மேல் பூசினால் அதோடு சேர்ந்தே நாளைக்கு வந்துவிடும். பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். வேக்ஸும் கை எண்ணெயும் போக வேண்டும். துடைத்த பின் விரல் படக் கூடாது.

உலோகம் தெரிந்தால் மட்டும் பிரைமர். குச்சியின் நுனியைப் பிரைமரில் தொட்டு, பள்ளத்தின் நடுவில் வையுங்கள். பூச வேண்டாம், தொட்டால் போதும். திரவம் தானாக ஓரம்வரை பரவும். பரவுவதைக் கண்ணால் பார்க்கலாம், அப்படிப் பரவி ஓரத்தில் நின்றுவிட்டால் அளவு சரி. ஓரத்தைத் தாண்டினால் அதிகம். அரை மணி நேரமாவது காயவிடுங்கள். குப்பியில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுவே கணக்கு.

அடுத்து நிறம். குப்பியை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள்கள் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் எடுத்தால் மங்கலான நிறம்தான் வரும். மறுபடியும் குச்சி நுனியால், மெல்லிய அடுக்காக. 20 முதல் 30 நிமிடம் விட்டு அடுத்தது. காயும்போது கரைப்பான் ஆவியாகி நிறம் பள்ளத்துக்குள் சுருங்கி இறங்கும். அதனால்தான் ஒரே தடவையில் நிரப்ப முடியாது. இரண்டு மூன்று அடுக்கில், சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மீதியைக் கிளியர் நிரப்ப வேண்டும். கிளியரை மட்டத்துக்கு மேலே மயிரிழை எழும்பும்படி வையுங்கள், அதுவும் சுருங்கும்.

வழிந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். காயும் முன்னால், தின்னர் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். கம்பெனியில் சூட்டில் வேகவைத்த பெயிண்ட் இந்தத் தொடுதலைத் தாங்கும். பட்டறையில் மறுபடி அடித்த பகுதியில் தின்னரைக் கொண்டுபோகவே கூடாது. அந்தப் பூச்சு சுருங்கி எழும்பக்கூடும்.

இனி ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். வாரம் கழித்துப் பார்த்து, புடைப்பு கண்ணை உறுத்தினால் மட்டும் சமப்படுத்தலாம். 2000 வாட்டர் பேப்பரைச் சின்னதாக வெட்டி, பென்சில் அழிப்பான் முனையில் சுற்றி, சோப்பு நீரில் நனைத்து, அந்தப் புடைப்பின் தலையில் மட்டும் தேயுங்கள். பக்கத்துக் கிளியர் மங்கத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். பிறகு 3000, பிறகு காம்பவுண்ட். உண்மையைச் சொன்னால், பெரும்பாலான பொட்டுகளுக்கு இந்தக் கடைசிக் கட்டம் தேவையே இல்லை. தகடு மூடியாகிவிட்டது, இரண்டடி தள்ளி நின்றால் தெரியவில்லை என்றால் வேலை முடிந்தது. வேக்ஸ் மட்டும் ஒரு மாதம் கழித்துப் போடுங்கள், புதுப் பூச்சிலிருந்து மீதிக் கரைப்பான் வெளியேற வேண்டும்.

நீளமான, ஆழமான கீறலுக்கும் இதே முறைதானா?

கொள்கை அதேதான், கைவேலை கடினம். கோட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நடுவில் மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பாக நிறத்தை விடுங்கள். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் ஓரம் பிய்ந்து வரும். கதவின் குறுக்கே நீண்டு கிடக்கும் சாவிக் கீறலை இப்படி முழுவதும் மறைத்துவிட முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். துருவிலிருந்து காத்துவிடலாம், கோடு இருந்த இடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியத்தான் செய்யும்.

பொட்டில் ஏற்கெனவே துரு பிடித்திருக்கிறது. மேலேயே பூசிவிடலாமா?

கூடாது. துருவை மூடினால் அது உள்ளேயே வேலை செய்யும். 600 எண் வாட்டர் பேப்பரைக் கூராக மடித்தோ, கண்ணாடி இழைப் பேனாவாலோ, பழுப்பு போய்ப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். பொட்டு சற்றுப் பெரிதாகும், ஆகட்டும். எடுக்க முடியாத குழிகளில் மிச்சமிருந்தால் துரு மாற்றித் திரவம் ஒரு துளி விடலாம். பாஸ்பாரிக் அமிலமோ டேனிக் அமிலமோ கலந்த இந்தத் திரவம், துருவை அசையாத சேர்மமாக மாற்றிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுற்றியுள்ள பெயிண்ட்டில் வழியவிடாதீர்கள். அது காய்ந்த பின் பிரைமர். சுரண்டச் சுரண்டக் கொப்புளம் விரிந்துகொண்டே போனால் நிறுத்திவிட்டு, தகடு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

பம்பரில் விழுந்த கீறல்?

அங்கே அவசரமே இல்லை. இன்றைய பம்பர்கள் பிளாஸ்டிக், பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். துருப்பிடிக்காது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் எளிதில் ஒட்டாது. வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் அதற்கென உள்ள ஒட்டுப் பிரைமரை முதலில் பூச வேண்டும். பம்பரின் அடியில், தரையை உரசிய இடங்களுக்கு நான் எதுவும் செய்யச் சொல்வதில்லை. அடுத்த வேகத்தடையில் மறுபடி உரசும்.

நிறக் குறியீடு சரியாக இருந்தும் பொட்டு தனியாகத் தெரிகிறதே?

வெயிலில் பல ஆண்டு நின்ற வண்டியின் நிறம் வெளிறியிருக்கும், குப்பியில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறம். சிவப்பு வண்டிகளில் இந்த வித்தியாசம் அதிகம். டச்-அப் செய்யும் முன் சுற்றுப்புறத்தைப் பாலிஷ் செய்துவிட்டால் ஓரளவு குறையும்.

மெட்டாலிக் நிறத்தில் காரணம் வேறு. ஸ்ப்ரேயில் அடிக்கும்போது அலுமினியத் துகள்கள் ஒரே சீராகப் படுத்துக்கொள்கின்றன. குச்சியால் வைக்கும்போது தாறுமாறாக நிற்கின்றன. ஒரே பெயிண்ட், ஆனால் வெளிச்சத்தைத் திருப்பும் விதம் வேறு. இது உங்கள் கைக்குறை அல்ல. வெள்ளி நிறத்தில் கச்சிதமாக மறையும் டச்-அப்பை யாராவது உறுதியளித்தால் நம்பாதீர்கள்.

ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்துவிட்டால் என்ன?

சின்னப் பொட்டுக்கு வேண்டாம். கடுகளவுப் பொட்டை மூடப்போய் ஓர் அடி அகலத்துக்குப் புது விளிம்பு உண்டாகிவிடும், பிறகு அந்த விளிம்பை மறைக்க வேண்டும். கடினமாக்கும் திரவத்தைத் தனியே கலந்து அடிக்கும் இருகூறுக் கிளியரை வீட்டில் ஸ்ப்ரே செய்வதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூவல் நுரையீரலைத் தாக்கி, நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. குழந்தைகள் விளையாடும் வாசலில் செய்யும் வேலையே அல்ல. பட்டறைகளில் வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க இதை அடிக்கும் தொழிலாளர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. முழு வண்டி அடிக்கக் கொடுக்கிறவர்கள், அடிப்பவருக்குச் சரியான கவசமும் அறையும் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் செய்வது நல்லது?

சுடும் தகட்டில் பெயிண்ட் பரவும் முன்பே தோல் கட்டிவிடும். ஈரக்காற்றில் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து பூச்சு பால்போல வெளுத்துவிடும். ஆகவே சித்திரை மதியமும் ஐப்பசி மழையும் ஆகாது. பனி உலர்ந்த பிறகான காலை நேரம், நிழல், காற்றடிக்காத இடம் போதும். தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் புரட்டாசியிலேயே வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்து, தகடு தெரியும் பொட்டுகளை மட்டுமாவது மூடிவிடுங்கள்.

ஆயுத பூஜைக்குப் பிறகு புதுக் கீறல்கள் தெரிகின்றன. ஏன்?

இதை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். வாழைக்கன்றைப் பம்பரிலும் கிரில்லிலும் கட்டக் கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். வண்டி ஓடும்போது கம்பியின் முனை ஆடி ஆடிப் பெயிண்ட்டைத் தேய்க்கிறது. பருத்திக் கயிறோ வாழைநாரோ போதும். சந்தனம் காய்ந்து இறுகியபின் அதை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்ப்பது இரண்டாவது காரணம். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் தானாக இளகி வழியும். மலிவான குங்குமத்தின் சாயம் வெள்ளை வண்டியில் கறையாக நிற்கலாம், அன்று மாலையே கழுவுவது நல்லது. பானெட்டின்மேல் கற்பூரம் ஏற்றுவதை விட்டுவிட்டு, தரையில் தட்டில் வைத்து ஏற்றுங்கள். பூஜையில் எந்தக் குறையும் வராது.

எதுவும் உரசவே இல்லை, ஆனால் வெயிலில் வண்டி முழுவதும் வட்ட வட்டமான மெல்லிய கோடுகள். எப்படி வந்தன?

தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டுவதால் வந்தவை. நம் ஊர்த் தூசியில் பெரும்பங்கு மணல். அதைத் துணிக்கும் கிளியருக்கும் நடுவே வைத்துத் தினமும் தேய்க்கிறோம். அடுக்ககங்களில் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில் பல வண்டிகளைத் துடைக்கும் ஏற்பாடு இன்னும் மோசம்; அது துடைப்பவரின் தவறு அல்ல, அவருக்குக் கிடைக்கும் தண்ணீரும் கூலியும் அவ்வளவுதான். என் பரிந்துரை: தினமும் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள், வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. புழுதி படிந்த வண்டியின்மேல் கவர் போடுவதும் இதே சேதத்தைத்தான் செய்யும். காற்றில் கவர் அசையும் ஒவ்வொரு முறையும் உள்ளே மணல் தேய்க்கிறது.

செராமிக் கோட்டிங் போட்டால் கல்லடி படாதா?

படும். அது தண்ணீர் ஒட்டாமல் வழியவும், கழுவுவது எளிதாகவும் உதவும் மிக மெல்லிய பூச்சு. கல்லின் வேகத்தைத் தாங்கக்கூடியது பாலியூரிதேன் பாதுகாப்புப் படலம். முழு வண்டிக்கு ஒட்டச் செலவு மிக அதிகம்; அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பானெட்டின் முன்பாதிக்கும் சக்கரத்துக்குப் பின்னுள்ள கீழ்ப்பகுதிக்கும் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். செலவில்லாத வழியும் உண்டு: ஜல்லி, எம்சாண்ட் ஏற்றிய லாரியின் பின்னால் ஒட்டிப் போகாமல் நல்ல இடைவெளி விடுங்கள்.

இன்சூரன்ஸில் கோரிப் பெறலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் ஒவ்வொரு கோரிக்கையிலும் கட்டாயக் கழிவுத்தொகை உண்டு: 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1000 ரூபாய், அதற்குமேல் 2000 ரூபாய். பெயிண்ட் பொருளுக்கான செலவில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும்; தேய்மானமில்லாப் பாலிசி எடுத்திருந்தால் இது இராது. எல்லாவற்றையும்விட, கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான சலுகை போய்விடும். முதல் ஆண்டுக்கு 20 சதவீதம் என்று தொடங்கி 25, 35, 45 என ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தை எட்டும் அந்தச் சலுகையை, ஒரு கதவின் கீறலுக்காகச் சுழியத்தில் கொண்டுவந்து நிறுத்துவது பெரும்பாலும் நஷ்டம். பல தகடுகள் சேதமான விபத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமான டச்-அப் பெயிண்ட் எவ்வளவு நாள் வரும்?

குப்பியின் வாயைத் துடைத்து, மூடியை இறுக்கி, வீட்டுக்குள் நிழலான இடத்தில் நிமிர்த்தி வைத்தால் சில ஆண்டுகள் வரை வரக்கூடும். காருக்குள் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்சூட்டில் அது கெட்டியாகிவிடும், கரைப்பான் எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட. குப்பியின்மேல் நிறக் குறியீட்டையும் வாங்கிய மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது குலுக்கியபின் ஒரு வெள்ளைத் தாளில் தொட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக வந்தால் புதியது வாங்கிவிடுங்கள்.